பழகிய பேட்டரி

ரோபோ செய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. இந்தக் காலத்தில் பிளஸ் டூ படிக்கிற பையன்கூடச் செய்கிறான். அதற்கு ஒழுங்காகச் சோறு போடுவதுதான் பெரிய காரியம். மின்சாரம் அளவு குறைந்தால் நடுவழியில் குப்புற விழும். அளவு மிஞ்சினால் தீப்பிடிக்கும். எங்கள் பாலிடெக்னிக்கின் மின்னியல் பிரிவில் இதைத்தான் நான் வருடக்கணக்காகத் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பியூஸ் சார். பட்டென்று போய்விடுவேனாம். முகத்துக்கு நேரே சொல்ல ஒருவனுக்கும் துணிச்சல் கிடையாது. என் மகளே அந்தப் பெயரைச் சொல்லி போனில் சிரித்ததை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

மகள் பெயர் டெல்பின். என் பிரிவிலேயே கடைசி வருடம் படிக்கிறாள். கல்லூரிக்குள் நான் அவளுக்கு சார். கேட்டைத் தாண்டி ஸ்கூட்டரில் ஏறினால்தான் அப்பா. இது அவளே போட்ட சட்டம். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் மூன்று நான்கு வயதில் சேலையைப் பிடித்துக்கொண்டு திரிந்தபோதே அவள் அம்மா சலேத் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். தாயில்லாப் பிள்ளை என்று செல்லம் கொடுத்ததில் வாயும் நீளம், செருப்புச் சத்தமும் நீளம். அவள் வந்து வாசலில் நின்றால் மாடி வீட்டுக்காரருக்கே தெரிந்துவிடும். "ஏட்டி, பைய வா, வீடு இடிஞ்சிரப் போகுது" என்று நான் கத்தாத நாளில்லை. அவளும் திருந்திய பாடில்லை.

ஊர் மைதானத்தில் அறிவியல் கண்காட்சி அறிவித்திருந்தார்கள். டெல்பினும் ஹசீனாவும் இசக்கிராஜாவும் சேர்ந்து ஒரு ரோபோ செய்தார்கள். பத்து வயதுப் பிள்ளை உயரம், இரண்டு கால், கையில் ஒரு தட்டு. தூத்துக்குடியில் செய்து தட்டில் வேறு எதை வைப்பது? முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் சுடுகிற மக்ரூன்தான். வருகிறவர்களிடம் நடந்து போய்த் தட்டை நீட்ட வேண்டும். ரோபோவுக்கும் மக்ரூன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கால்களை மட்டும் அவர்கள் செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட கால்மெஷின்களில் இருந்து எடுத்துப் பொருத்தினார்கள். காலில் வலுவில்லாதவர்கள் மாட்டிக்கொண்டு நடக்கிற கருவிக்கு ஊரில் கால்மெஷின் என்றுதான் பெயர்.

எல்லாம் சரியாக இருந்தது. மக்ரூன் மட்டும் நடக்கவில்லை. இரண்டு அடி வைக்கும், மூன்றாவதில் தள்ளாடும், இசக்கி ஓடிப் போய்ப் பிடிப்பான்.

"மோட்டாரு சரி, புரோகிராமு சரி. பெறவு எதுக்கு சார் விழுது?" என்று ஹசீனா கேட்டாள்.

"பேட்டரி புதுசுல்லா? இன்னும் பழகல."

"பழகுறதுன்னா? சிப்புல எதுவும் ஏத்தணுமா சார்?"

"ஏத்துறதுக்கு அது என்ன சினிமாப் பாட்டா? ஏல இசக்கி, உங்கப்பா உப்பளத்துலதான வேல பாக்காவ? அவிய கையப் பாத்திருக்கியா?"

"காய்ச்சுப் போய்க் கெடக்கும் சார்."

"அந்தக் காய்ப்பு மாதிரிதான். இந்த மாதிரி பேட்டரில செல்லுக்குள்ளயே காய்ப்பு விழும். ஒரு கால் எந்த நேரத்துல எவ்வளவு கரண்டு கேக்கும்னு நாளாவட்டத்துல தெரிஞ்சுக்கிடும். கேக்கதுக்கு ஒரு நொடி முன்னாலயே குடுத்துரும். அதான் நடை தடுமாறாது."

"காப்பி எடுக்க முடியாதா சார்?"

"காய்ப்பக் காப்பி எடுப்பியாட்டி நீ?"

கம்பெனிக்காரன் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தான். ஊரில் எல்லோருக்கும் அது பழகு பேட்டரி. கடைக்காரனும் புதுசா, பழகினதா என்றுதான் கேட்பான்.

"அப்பம் பழகின பேட்டரியாவே பாத்து வாங்கிருவோமே சார்" என்றான் இசக்கி.

எனக்கு வந்ததே கோபம். "அடி வாங்கிராத! ஒரு ஒடம்புக்குப் பழகினத இன்னொரு ஒடம்புக்குக் குடுக்கப்புடாது. அது பழைய ஆளு நெனப்புலயே தள்ளும். நீ நிக்கச் சொல்லும்போது அது நடக்கும். வேற ஆளுக்குக் குடுக்கணும்னா ஒட்ட வடிச்சிரணும். ஒரு சொட்டு சார்ஜ் இல்லாம வடிஞ்சாத்தான் காய்ப்பு போகும், பச்சப்புள்ளையா ஆகும். பெறவு முதல்லேர்ந்து பழக்கணும்."

இவ்வளவு நேரமும் டெல்பின் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்குரூ டிரைவரை விரலில் உருட்டிக்கொண்டு நின்றாள். வாயாடிப் பெண் வாயை மூடிக்கொண்டு நின்றால் அப்பனுக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கல்லூரிப் பட்டறைப் பக்கம் போனேன். கதவுக்கு வெளியிலேயே காலடிச் சத்தம் கேட்டது. மக்ரூன் நடக்கிறது, பரவாயில்லையே என்று நினைத்தபடி கதவில் கை வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

வலது கால் லேசாக விழுந்தது. இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்து அதனருகே சேர்ந்தது. வலது, தேய்ப்பு, இடது. வலது, தேய்ப்பு, இடது. அப்புறம் நின்றது. நின்ற பிறகு, டொக், டொக்.

யாருக்கும் தெரியாத சத்தம் அது. எனக்குத் தெரியும். கடற்கரைத் தெருவில் எங்கள் பழைய வீட்டு வாசலில் தினமும் அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் காத்துக் கிடந்தேன். சலேத் எங்கே போய் நின்றாலும் செருப்பில் ஏறிய மணலை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள். சிமெண்டுத் தரையில் நின்றாலும் தட்டுவாள், மாதா கோயில் படியில் நின்றாலும் தட்டுவாள். லாரி இடித்துக் கால் வலுவிழந்து கால்மெஷின் மாட்டிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மெஷினோடு சேர்த்துத் தட்டினாள்.

உள்ளே தடாலென்று தட்டு விழுந்தது. "அய்யோ, எங்கம்மா!" என்று இசக்கி அலறினான். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். தட்டில் இருந்த மக்ரூன்கள் தரை முழுக்க நொறுங்கிக் கிடந்தன. இசக்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நடக்கையில நல்லாத்தான் சார் நடந்துச்சு" என்றாள் ஹசீனா. "நின்ன பெறவு ஒதைக்கி சார். நாங்க சொல்லவே இல்ல. தானா ரெண்டு ஒதை."

ஒரு முழு ஆளின் கனத்தை இழுத்துப் பழகிய பேட்டரி அது. ரோபோவின் ஒல்லிக் காலுக்கு அதே வேகத்தைக் கொடுத்தால் அது தட்டுவது இல்லை, உதைப்பது. இசக்கியின் முழங்காலில் கன்றிப் போயிருந்தது. கண்காட்சியில் அதே உதை ஒரு சின்னப் பிள்ளையின் வயிற்றில் விழும்.

மக்ரூனின் முதுகு மூடியைத் திறந்தேன். சோப்பு டப்பா அளவில் அந்தப் பேட்டரி. மூலையில் பாதி உரிந்த பனிமய மாதா ஸ்டிக்கர். சலேத் தன் கால்மெஷின் பேட்டரியில் ஒட்டியது. என் பீரோவுக்குள், துணிகளுக்குப் பின்னால், நான் பத்திரமாக வைத்திருந்தது.

ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் அதை எடுத்து சார்ஜில் போடுவேன். ஏறியதும் துடைத்து உள்ளே வைத்துவிடுவேன். ஒட்ட வடிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஏதாவது ஒரு கால்மெஷினில் மாட்டி அந்த நடையைப் பார்த்துவிடலாம் என்று எத்தனையோ தடவை ஆசை வந்திருக்கிறது. ஆசை வரும்போதெல்லாம் பயமும் வந்தது. வேறொரு காலில் ஓட ஓட அவள் நடை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பார்க்காமலே வைத்திருந்தால் தேயாது. பிற்பாடு, பிற்பாடு என்று தள்ளிப் போட்டு இவ்வளவு காலம் ஓட்டிவிட்டேன்.

பேட்டரியை உள்ளங்கையில் திருப்பினேன். அடிப்பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. சூடாகவும் இருந்தது.

பட்டறைச் சுவரில் நானே பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன்: ஊதிய பேட்டரி யாருக்கும் நண்பன் இல்லை. எழுதியவனே அதன் கீழே அதைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன்.

"சார்" என்றாள் டெல்பின். என் முகத்தைப் பார்த்தாள். "அப்பா."

கல்லூரிக்குள் அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஹசீனாவும் இசக்கியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒனக்குத் தெரியுமாட்டி, இது எதுன்னு?"

"தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன்."

அறைந்திருப்பேன். அவள் கண் கலங்கியிருந்ததால் கை எழவில்லை. பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பின்பக்க முற்றத்துக்குப் போனேன். வேப்ப மரத்தடியில் தீயணைக்கும் மணல் வாளிகள் தொங்கும். ஒரு வாளி மணலில் அதைப் பாதி புதைத்தேன். இரண்டு ஒயரை இழுத்து ஒரு சின்ன பல்பை மாட்டினேன். பல்பு மஞ்சளாக எரிந்தது.

டெல்பின் பின்னாலேயே வந்து நின்றாள். "என்னப்பா செய்யுறீங்க?"

"வடிக்கேன்."

"வேண்டாம்பா! திரும்ப பீரோவுக்குள்ளயே வச்சிருவோம். நான் தொடக்கூட மாட்டேன்."

"ஊதிட்டுட்டி. சார்ஜோட வச்சிருந்தா ஒரு நா வீட்டோட எரிஞ்சிரும். ஒனக்கு வகுப்புல சொல்லிக் குடுத்ததே நாந்தான?"

"அப்பம் ஒரே ஒரு தடவ மக்ரூன்ல மாட்டி நடக்க விடுங்க. நான் சரியாப் பாக்கல. தட்டு விழுந்துருமோன்னு தட்டையே பாத்துட்டு இருந்தேன். காலப் பாக்கவே இல்லப்பா."

அவள் கேட்டது அநியாயமில்லை. சலேத் நடப்பது போல ஒரு வீடியோகூட எங்களிடம் கிடையாது. கல்யாணத்தில் உட்கார்ந்திருக்கிறாள், பிள்ளையை மடியில் வைத்திருக்கிறாள், கேக் வெட்டுகிறாள். கால் வலுவிழந்த பிறகு நடக்கும்போது யாராவது போனைத் தூக்கினால் அப்படியே நின்றுவிடுவாள். "நொண்டுறத எதுக்குப் பிடிக்கிய?" என்பாள். என் மகளுக்கு அம்மாவின் முகம் தெரியும், சிரிப்பு தெரியும். அம்மா வருகிற விதம் தெரியாது.

மாட்டிவிடலாம், ஒரு நிமிடம்தானே என்று எனக்குள்ளும் ஒருவன் கெஞ்சினான். டெல்பினைவிட அவன்தான் அதிகம் கெஞ்சினான். பல்பைக் கழற்றினால் போதும், நானும் பார்க்கலாம். காதால் கேட்டதைக் கண்ணால் பார்க்கலாம்.

"மோட்டாரு ஒரேயடியா இழுக்கும். ஊதினது அதத் தாங்காது. வெடிச்சிச்சுன்னா ஒன் மூஞ்சிதான் மொதல்ல போகும்" என்றேன். "முடியாது."

"நீங்க வாராவாரம் சார்ஜ் போடுறீங்க. ஒரு நாளாவது எங்கயாவது மாட்டி எனக்குக் காட்டுனீங்களா?" என்று வெடித்தாள். "நீங்க மட்டும் மனசுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டீங்க. எனக்கு என்ன இருக்கு?"

வாளியோரம் குந்தி உட்கார்ந்து பல்பைப் பார்த்தேன். அவளும் எதிரில் உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள். மெதுவாகக் கேட்டாள்.

"சொல்லவாவது செய்யுங்க. எப்பிடி நடப்பாவ?"

எனக்கு வர்ணிக்கத் தெரியாது. வோல்டேஜ் என்ன என்று கேட்டால் சொல்வேன். "எடது கால இழுத்து... கொஞ்சம் சாய்ஞ்சு... அது வந்து..." என்று திணறினேன். கடைசியில் எழுந்தேன். சட்டைப் பையில் இருந்த டெஸ்டரையும் கண்ணாடியையும் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வேப்ப மரத்தில் இருந்து கிளம்பி நடந்து காட்டினேன்.

தொப்பையும் வழுக்கையுமாக ஒரு மின்னியல் ஆசிரியர், கல்லூரி முற்றத்தில், செத்துப்போன பொண்டாட்டி மாதிரி நடந்தால் எப்படி இருக்கும்? ஜன்னலில் நாலு தலை முளைத்தது. எவனோ "பியூஸ் போயிட்டுடோய்" என்று சிரித்தான். சிரிக்கட்டும். இடது காலை இழுத்து, தோளை அவள் சாய்க்கிற பக்கமே சாய்த்து, சேலைக் கொசுவத்தைப் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு, மகளுக்கு முன்னால் வந்து நின்றேன். செருப்பை இரண்டு தட்டுத் தட்டினேன்.

டெல்பின் சிரித்துக்கொண்டே அழுதாள். "இவ்வளவு சாய்வாவளா?"

"மெஷின் கனம்லா?"

"இன்னொரு தடவ."

இன்னொரு தடவை நடந்தேன். அப்புறம் இன்னொரு தடவை. சாய்வதைப் பற்றிக் கேட்டாள், கையைப் பற்றிக் கேட்டாள், இழுக்கிற காலைப் பற்றிக் கேட்டாள். கடைசியில் செருப்பைத் தட்டியதைப் பற்றி மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கு அதில் சின்ன வருத்தம்தான். சலேத்தின் நடையில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான். இவள் அதைக் கவனிக்கவே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் இறங்க இறங்க பல்பு சிவந்தது. கம்பி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஸ்டிக்கரை நகத்தால் மெதுவாக உரித்தேன். டெல்பின் கையை நீட்டினாள், அவளிடமே கொடுத்தேன்.

"போச்சாப்பா?"

"போச்சுட்டி."

அன்றைக்கு வீட்டில் யாரும் சமைக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பழக்கத்தில் பீரோவைத் திறந்துவிட்டேன். துணிகளை விலக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. சட்டையை மடித்து வைப்பது போலக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

மக்ரூனுக்குப் புதுப் பேட்டரி வாங்கினோம். குறைந்த வோல்டேஜ், தீப்பிடிக்காத உறை, ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாக பியூஸ். காலில் வேகம் அளவைத் தாண்டினால் தானாகவே துண்டித்துவிடும். பார்வையாளர்களுக்கும் அதற்கும் நடுவில் கயிறு. இவை போதாதென்று ஒரு சிவப்புப் பொத்தான் என் கையில் இருக்கும், அமுக்கிப் பிடித்திருக்கும்வரை மக்ரூன் நின்ற இடத்திலேயே உறைந்து நிற்கும். சொல்லாமல் எது அசைந்தாலும் அமுக்குவேன் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

இனி அதைப் பழக்க வேண்டும். அது டெல்பினின் வேலையாயிற்று. பேட்டரி பச்சைப் பிள்ளை, அதனால் நடையையும் பிள்ளைக்குச் சொல்லித் தருகிற மாதிரியே தர வேண்டும். மக்ரூனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வராந்தாவில் அவள் காலோடு அதன் காலைக் கட்டி நடத்தினாள். அவள் வைத்தால் அது வைக்கும், அவள் நின்றால் அது நிற்கும். தினமும் சாயங்காலம் இதே வேலை. நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு தடவை கதவில் கை வைத்துக் கேட்டது போதும் என்று இருந்தது. அது அசையாமல் நிற்கும்போது மட்டும் போய் ஒயரையும் உறையையும் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

கண்காட்சி அன்று கூட்டமான கூட்டம். எங்கள் கூடாரத்தில் மட்டும் மக்ரூன் வாசனை. கயிற்றுக்கு வெளியே பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். முன்னால் ஒரு சின்னப் பெண், ஐந்து வயது இருக்கும், அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றாள். நான் சிவப்புப் பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"மக்ரூன், வா" என்றாள் டெல்பின்.

மக்ரூன் நடந்தது. வலது, இடது, வலது, இடது. இழுப்பு இல்லை, சாய்வு இல்லை. அவசரமான சின்னப் பெண்ணின் நடை. தட்டில் ஒரு மக்ரூன்கூட நகரவில்லை. டெல்பின் அதன் பக்கத்திலேயே நடந்து வந்தாள். கயிற்றுக்கு முன்னால் வந்து இருவரும் நின்றார்கள்.

டொக், டொக்.

யோசிக்கும் முன்பே என் விரல் அமுக்கிவிட்டது. மக்ரூன் உறைந்தது. கூட்டம் ஏமாற்றத்தில் "ஓ" என்றது. தட்டுக்குக் கை நீட்டிய சின்னப் பெண் பயந்து கையை இழுத்துக்கொண்டாள். டெல்பின் திரும்பி என்னை முறைத்தாள்.

"ஏன்பா நிப்பாட்டுனீங்க?"

இத்தனை பேர் முன்னால் அப்பா என்றதை அவள் கவனிக்கவில்லை. நான் கிட்டே போனேன்.

"தானா காலத் தட்டுச்சுட்டி. பழைய பேட்டரிய எதுவும்..."

"என்னப்பா சொல்றீங்க? நீங்கதான வடிச்சீங்க? நீங்கதான இதச் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டீங்க?"

ஆமாம். இது புதுப் பேட்டரி. தட்டு துளியும் ஆடவில்லை. காலும் நின்ற இடத்தை விட்டு விரலளவுகூட நகரவில்லை. உதை இல்லை அது. பூ மாதிரி இரண்டு தட்டு.

"அப்பம் யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

டெல்பினுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. நான் ஏதோ ஒரு சின்ன விஷயத்துக்காக ஊர் முன்னால் மானத்தை வாங்குகிறேன் என்ற எரிச்சலில் நின்றாள்.

"இதுக்கு எதுக்குப்பா சொல்லிக் குடுக்கணும்? நடந்து வந்து நின்னா செருப்பத் தட்டத்தான செய்யணும்? எல்லாரும் தட்டத்தான செய்வாவ?"

சொல்லிக்கொண்டே ஒரு அடி தள்ளிப் போய், என்னைப் பார்க்கத் திரும்பி நின்றாள். நின்றதும் தட்டினாள். வாசலில் வந்து நின்று வீட்டையே இடிக்கிறாள் என்று இத்தனை வருடமும் நான் திட்டிய அதே சத்தம்.

என் விரல் பொத்தானை விட்டது. மக்ரூன் விட்ட இடத்தில் இருந்து கையை நீட்டித் தட்டைக் காட்டியது. அந்தச் சின்னப் பெண் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள், அவர் தலையாட்டினார், ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது.

"சார், கண்ணு கலங்குது சார் ஒங்களுக்கு" என்றான் இசக்கி.

"மக்ரூன் தூளு பட்டுட்டுல" என்றேன். "அடுத்த ஆளுகிட்டப் போகச் சொல்லு."

மக்ரூன் திரும்பி நடந்தது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் நடந்து போகிற என் மகளின் செருப்பையே பார்த்துக்கொண்டு, அவள் எங்கே நிற்பாள் என்று காத்திருந்தேன்.